மருந்து என்னும் மூன்றாம் கூறு



கவிதை பேசப்படும் அவையில் வேதியியலுக்கு என்ன வேலை என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்துக்கு விடை வள்ளுவரிடமே இருக்கிறது. திருக்குறளின் 95ஆவது அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளான 950ஆம் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர் என்பன அந்த நான்கு. உரை வகுத்த பரிமேலழகர் இந்த நான்கையும் தனித்தனியே மேலும் நந்நான்காகப் பிரித்து, மருந்துக்கும் தனி இலக்கணம் கூறுகிறார். மருந்து கையில் கிடைத்துவிட்டால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. அது எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்றும் கேட்கிறார்.

அந்த மூன்றாம் கூறே இந்த உரையின் பொருள். நோய் தீராதபோது குற்றம் யாருடையது என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலும் விரல் முதற்கூறான நோயாளியை நோக்கியே நீளுகிறது. அவர் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்ற தீர்ப்பு விரைந்து எழுதப்படுகிறது. மாத்திரை தன் கடமையை ஒழுங்காகச் செய்ததா என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுத்தரும் அறிவியல், முந்தைய தலைமுறை பௌதிக ரசாயனம் என்று சொன்னதும், இன்றைய பாடநூல்கள் இயற்பிய வேதியியல் என்று சொல்வதுமான துறையாகும்.

இந்தக் கேள்வியை எழுப்பத் திருவள்ளூர் மண்ணைவிடப் பொருத்தமான இடம் அரிது. காசநோய் ஆராய்ச்சியின் உலக வரலாற்றில் இந்த வட்டாரத்துக்கு நிலையான இடம் உண்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், அன்றைய சென்னை மாநில அரசு ஆகியவற்றின் கூட்டு முயற்சியில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அங்கு பணியாற்றினார். 193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் சிகிச்சை அளிக்கப்பட்டது. நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு ஆகியவை இல்லாத நெருக்கடியான வீடுகளிலும் மருந்து ஏறத்தாழ அதே அளவு பலன் தந்தது என்று 1959இல் வெளியான அறிக்கை காட்டியது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட வழிகோலிய ஆய்வுகளில் இது முதன்மையானது. அந்த மையமே 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்கிவருகிறது.

சென்னையின் ஆய்வு திருவள்ளூர்க் கிராமங்களுக்கும் வந்தது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்த இந்த வட்டாரத்தில் 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அளக்கும் பெரும் ஆய்வு தொடங்கியது. 1997 ஜனவரியில் திருவள்ளூர் தனி மாவட்டமானது. 1999இல் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் முன்மாதிரித் திட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது. சுகாதாரப் பணியாளரோ அங்கன்வாடிப் பணியாளரோ பார்த்திருக்க, நோயாளி மாத்திரையை விழுங்குவார். வள்ளுவர் சொன்ன நான்காம் கூறு அரசுத் திட்டமாக உருவெடுத்த காட்சி அது. தொடக்க ஆண்டுகளில் இந்தப் பகுதியில் காசநோயின் பரவல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பின்னர் அந்தச் சரிவு அதே வேகத்தில் தொடரவில்லை.

சிகிச்சை தவறியோரைப் பற்றியும் திருவள்ளூரில் ஆராயப்பட்டது. 2000ஆம் ஆண்டு நோயாளிகளைப் பற்றிய ஆய்வு, மதுப்பழக்கமும், முன்பே சிகிச்சை பெற்றிருந்த நிலையும் இடைநிற்றலோடு தொடர்புடையவை என்று காட்டியது. ஆகவே நோயாளியின் பங்கு பொய்யன்று. அதை மறைப்பது அறிவியலுக்கும் நேர்மைக்கும் ஒவ்வாது. ஆயினும் நோயாளியைக் கண்காணிக்க எத்தனையோ கருவிகள் உண்டு. ரிஃபாம்பிசின் உட்கொண்டவரின் சிறுநீர் செம்மஞ்சளாக மாறும். அந்த நிறமே சாட்சி சொல்லும். மாத்திரை அட்டையில் மறைந்திருக்கும் எண்ணை அழைத்துப் பதிவு செய்யும் முறையும் வந்தது. விழுங்கப்பட்ட மாத்திரை இரத்தத்தை எவ்வளவு எட்டியது என்று அளக்கும் சோதனையோ வழக்கமான நடைமுறையில் இல்லை.

விழுங்குவதற்கும் குணமாவதற்கும் இடையே நீண்ட பயணம் இருக்கிறது. மாத்திரை உடைய வேண்டும். உடைந்த துகள் கரைய வேண்டும். கரைந்த மூலக்கூறு சிதையாமல் குடற்சுவரைக் கடக்க வேண்டும். அதன் பிறகே இரத்தம், அதன் பிறகே நுரையீரல். இந்தப் பயணத்தின் ஒவ்வொரு வாயிலிலும் காவல் நிற்பவை இயற்பிய வேதியியலின் விதிகள்.

முதல் வாயில் படிகம். ரிஃபாம்பிசின் என்ற மருந்தையே எடுத்துக்கொள்ளலாம். இத்தாலியின் மிலான் நகரத்து லெப்பட்டி ஆய்வகத்தில் 1957இல் மண்ணுயிர் ஒன்றிலிருந்து கண்டெடுக்கப்பட்ட பொருட்குடும்பத்துக்கு, அந்நாளில் பேசப்பட்ட 'ரிஃபிஃபி' என்ற பிரெஞ்சுத் திரைப்படத்தின் பெயரைத் தழுவிப் பெயர் வைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் 1965இல் உருவாக்கப்பட்டதே ரிஃபாம்பிசின். இந்த மூலக்கூறு திண்ம நிலையில் ஒன்றுக்கு மேற்பட்ட விதங்களில் அடுக்கப்படுகிறது. உருவம் ஒன்று, உருவம் இரண்டு என்று இரு படிகங்களும், ஒழுங்கற்ற அடுக்கமைப்புள்ள உருவமும் அறியப்பட்டுள்ளன. மூன்றிலும் மூலக்கூறு ஒன்றே. கரையும் விதம் ஒன்றன்று. இதைப் பல்லுருவத்தன்மை என்பர்.

கவிஞர்களுக்கு இதை விளக்க நெடுநேரம் தேவையில்லை. நல்ல வெண்பா ஒன்றின் சீர்களை இடம் மாற்றினால் சொற்கள் ஒன்றும் குறையாமல் அங்கேயே இருக்கும். ஆனால் தளை தட்டும். அகராதியைக் கொண்டு அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. அப்படியே, மருந்தின் பெயரையும் எடையையும் மட்டும் சோதிக்கும் சோதனை படிகத்தின் பிழையைக் காணாது. இது வெறும் கற்பனையன்று. 1996இல் விற்பனைக்கு வந்த ரிடோனாவிர் என்ற எய்ட்ஸ் மருந்து 1998இல் திடீரென்று புதிய படிக உருவத்தில் தோன்றலாயிற்று. புதிய உருவம் எளிதில் கரையவில்லை. அந்தக் கூட்டுக்குளிகைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறவேண்டியதாயிற்று. மூலக்கூறில் ஓர் அணுவும் மாறவில்லை. அடுக்கு மட்டுமே மாறியது.

இரண்டாம் வாயில் கரைதல். 1897இல் ஆர்தர் நாய்ஸ், வில்லிஸ் விட்னி என்ற அமெரிக்க வேதியியலார் இருவர், திண்மப்பொருள் கரையும் வேகத்துக்கான விதியை வகுத்தனர். சுற்றியுள்ள நீர்மம் நிறைவுற்ற நிலைக்கு எவ்வளவு தொலைவில் உள்ளதோ, அவ்வளவுக்குக் கரையும் வேகம் மிகும். கரையும் பரப்பு பெருகினாலும் வேகம் பெருகும். கற்கண்டு வாயில் நெடுநேரம் நிற்பதும், அதே இனிப்பு பொடியானால் நொடியில் மறைவதும் இந்த விதியின் வீட்டு விளக்கம். எனவே மருந்தை எவ்வளவு நுண்ணிதாக அரைப்பது, எந்த அழுத்தத்தில் மாத்திரையாக்குவது, எந்தப் பசையைச் சேர்ப்பது என்பவை வெறும் தொழிற்சாலை வழக்கங்களல்ல. நோயாளியின் இரத்தத்தில் எழுதப்படும் கணக்குகள். 1995இல் கார்டன் அமிடானும் அவரைச் சார்ந்தோரும் மருந்துகளைக் கரைதிறன், ஊடுருவுதிறன் ஆகிய இரண்டையும் கொண்டு நான்கு வகையாக்கினர். அதில் ரிஃபாம்பிசின் இரண்டாம் வகை. குடற்சுவரைக் கடக்க அதற்குத் தயக்கமில்லை; கரைவதற்கே தயக்கம்.

மூன்றாம் வாயில் வயிற்றின் அமிலம். இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. ரிஃபாம்பிசின் அமிலத்தில் நன்கு கரையும். நடுநிலைக்கு அருகில் அதன் கரைதிறன் பெரிதும் குறையும். கரைவதற்கு உதவும் அதே அமிலம் அதைச் சிதைக்கவும் செய்கிறது. அத்துடன் காசநோய்க்கான மற்றொரு முதன்மை மருந்தான ஐசோனியசிட் அருகிலிருந்தால் சிதைவு விரைவுபெறும். அமிலத்தில் உடைந்த ரிஃபாம்பிசினின் துண்டோடு ஐசோனியசிட் இணைந்து புதிய சேர்மமாகிறது. அந்தச் சேர்மம் மீண்டும் பிரியும்போது ஐசோனியசிட்டின் ஒரு பகுதி மீண்டுவிடுகிறது. ரிஃபாம்பிசின் மீள்வதில்லை. நோயை எதிர்க்க ஒன்றாக அனுப்பப்பட்ட இரு வீரர்கள், போர்க்களத்தை எட்டுமுன் வழியிலேயே ஒருவரையொருவர் காயப்படுத்திக்கொள்வது போன்றது இது.

அப்படியானால் இரண்டையும் ஏன் ஒரே மாத்திரையில் வைக்கவேண்டும்? காரணம் வலுவானது. தனி மருந்து மட்டும் உட்கொண்டால் கிருமி எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். நான்கு மருந்தையும் ஒன்றாக்கினால், நோயாளி ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் விழுங்க இயலாது. விழுங்கவேண்டிய மாத்திரைகளின் எண்ணிக்கையும் குறையும். எனவேதான் 1999இல் உலக சுகாதார நிறுவனம் நான்கு மருந்துக் கூட்டு மாத்திரையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. 2017இல் இந்தியாவும், வாரம் மும்முறை என்ற பழைய முறையைக் கைவிட்டு, நாள்தோறும் கூட்டு மாத்திரை என்ற முறையை நாடெங்கும் ஏற்றது. பெரியவர்களுக்கான மாத்திரையில் ஐசோனியசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மில்லிகிராம் உள்ளன. எத்தனை மாத்திரை என்பதை நோயாளியின் உடல் எடை முடிவு செய்கிறது.

இதில் மறைந்திருந்த இடரை உலகம் அறியாமலில்லை. 1994இலேயே உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுக் காசநோய் ஒன்றியமும் கூட்டறிக்கை வெளியிட்டு, ரிஃபாம்பிசின் உடலுக்குச் சரிவரக் கிடைப்பதாக மெய்ப்பிக்கப்பட்ட கூட்டு மாத்திரைகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தின. பஞ்சாபின் மொகாலியிலுள்ள தேசிய மருந்துக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் சரண்ஜித் சிங் குழுவினர் இந்தச் சிதைவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். ரிஃபாம்பிசின் வயிற்றிலும், ஐசோனியசிட் அதைக் கடந்து குடலிலும் வெளிப்படுமாறு இரண்டையும் மாத்திரைக்குள்ளேயே பிரித்துவைப்பது ஒரு தீர்வு என்றும் எடுத்துரைத்தனர். நோயாளிக்கு ஒரே மாத்திரை. மாத்திரைக்குள் இரண்டு அறை. அறிவுரையால் தீராத சிக்கலை வடிவமைப்பால் தீர்க்க முடியும் என்பதற்கு இது சான்று.

விதிகள் எங்கும் பொது. ஆனால் வானிலை ஊருக்கு ஊர் வேறு. திருவள்ளூர் மாவட்டத்துக்கு இரு முகங்கள். மேற்கே திருத்தணியின் வெயில்; கோடையில் 40 பாகையைத் தாண்டுவது அங்கே புதிதன்று. கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் வங்கக் கடலும் தரும் ஈரக்காற்று. அந்த ஈரக்காற்று வீசும் நிலத்தில்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் நிற்கின்றன. வேதிவினையின் வேகம் வெப்பத்தோடு எப்படி உயர்கிறது என்பதை 1889இல் சுவீடனின் அர்ரேனியஸ் சமன்பாடாக்கினார். பத்துப் பாகை உயர்ந்தால் பல வினைகளின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும் என்பது தோராயக் கணக்கு. ஈரத்தின் கதையும் அத்தகையதே. கூட்டு மாத்திரையிலுள்ள எத்தாம்பியூட்டால் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்சப்பட்ட ஈரம், திண்ம நிலையில் ஒதுங்கியிருந்த ரிஃபாம்பிசினையும் ஐசோனியசிட்டையும் சந்திக்க வைக்கிறது. வயிற்றில் நிகழும் சிதைவின் உறவுமுறையான வினை அட்டைக்குள்ளேயே தொடங்கிவிட இது இடந்தரும். மொகாலி ஆய்வாளர்கள் 40 பாகை வெப்பத்திலும் 75 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் மாத்திரைகளை வைத்துப் பார்த்தபோது இது தெரியவந்தது.

ஆய்வகத்தில் அந்தச் சூழலை உண்டாக்கப் பெட்டி ஒன்று வேண்டும். கோடைப் பகலில் தகரக் கூரை வேய்ந்த வாடகை அறைக்கு அந்தப் பெட்டி தேவையில்லை. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து கும்மிடிப்பூண்டியில் வேலை செய்யும் தொழிலாளிக்கு நோய் கண்டால், அவருடைய ஒரு மாத மருந்து இருக்கப்போவது அப்படிப்பட்ட அறையில்தான். அட்டையில் அலுமினியத் தாள் ஈரத்துக்கு எதிரான மதில். மாத்திரைகளை முன்கூட்டியே பிரித்துக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தால் மதில் இடிந்துவிடும். விழுங்கும் நேரத்தில் மட்டுமே அட்டையைக் கிழிக்கவேண்டும் என்ற ஒற்றை அறிவுரைக்குப் பின்னால் இவ்வளவு வேதியியல் இருக்கிறது. அந்த அறிவுரை அவருக்குப் புரியும் இந்தியிலோ ஒடியாவிலோ சொல்லப்பட்டதா என்பது நான்காம் கூற்றின் பொறுப்பு.

உணவும் இந்தப் பயணத்தில் குறுக்கிடுகிறது. காசநோய் முதல்நிலை மருந்துகளின் இரத்த அளவை உணவு கணிசமாகக் குறைக்கிறது என்று சென்னை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டனர். வாரம் மும்முறைச் சிகிச்சை பெற்றோரிடம் அவர்கள் நடத்திய மற்றோர் ஆய்வில், பெரும்பாலோரின் இரத்தத்தில் ரிஃபாம்பிசினின் உச்ச அளவு, விரும்பத்தக்கதாகக் கருதப்படும் மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராமை எட்டவில்லை. இவர்கள் கண்காணிப்பில் மருந்து விழுங்கியவர்கள். விழுங்கியதும் கிடைத்ததும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

தமிழ் மருத்துவம் இந்த உண்மையை வேறொரு சொல்லால் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. அந்தச் சொல் அனுபானம். சூரணத்தைத் தேனில் குழைப்பதா, நெய்யிலா, பாலிலா, வெந்நீரிலா என்பதைச் சித்த மருத்துவர் மருந்தோடு சேர்த்தே சொல்வார். சுக்கும் மிளகும் திப்பிலியும் சேர்ந்த திரிகடுகத்தின் மேல் எழுந்த ஆர்வம் நவீன ஆய்வகத்துக்கும் சென்றது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் பிற மருந்துகள் உடலுக்குக் கிடைக்கும் அளவை உயர்த்தக்கூடும் என்ற கருத்தின்மேல் ஜம்முவிலுள்ள அரசு ஆய்வகம் உழைத்தது. அதன் பயனாக ரிஃபாம்பிசினும் ஐசோனியசிட்டும் பைப்பரினும் சேர்ந்த மருந்து 2009இல் இந்தியாவில் அறிமுகமாயிற்று. அது எல்லோருக்குமான பொதுச் சிகிச்சையாகிவிடவில்லை; மிளகு தின்றால் காசம் தீரும் என்பதும் அதன் பொருளன்று. எதனுடன் உண்ணப்படுகிறது என்பதும் மருந்தின் ஒரு பகுதியே என்ற பழைய அறிவு, அளவுகோலின் முன் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டது என்பதே அதன் பொருள்.

இவ்வளவும் கேட்ட பின், மாத்திரையின் மேல் அவநம்பிக்கை யாருக்கும் எழவேண்டியதில்லை. ஒழுங்காகச் சிகிச்சை பெறும் காசநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் ஆறு மாதங்களில் குணமடைகிறார்கள். மருந்தை இடையில் நிறுத்துவதே மிகப் பெரிய ஆபத்து. இந்த உரை வேண்டுவது வேறு. இரண்டு மாதச் சிகிச்சைக்குப் பிறகும் ஒருவரது சளியில் கிருமி மறையாதபோது, நான்கு கேள்விகளும் ஒரே நேர்மையோடு கேட்கப்படவேண்டும். நோயாளி மருந்தை உட்கொண்டாரா? மருத்துவர் அளவைச் சரியாகக் கணித்து, கிருமியின் எதிர்ப்புத்திறனையும் சோதித்தாரா? மருந்து கரைந்து இரத்தத்தை எட்டியதா? துணை நிற்பவர் துணை நின்றாரா? முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடை மட்டுமே தீர்ப்பாகிவிட்டால், செய்யாத குற்றத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் ஏழையாகவே இருப்பார். அளவு குறைந்த மருந்துக்குப் பழகிய கிருமியோ, அவரைத் தாண்டி அவருடைய வீட்டையும் ஆலையையும் தேடிச் செல்லும்.

இறுதியாக, சொல்லை ஆளும் இந்த வட்டத்துக்கே உரிய செய்தி ஒன்று. சிகிச்சை இடையில் நின்றவரை உலக மருத்துவம் நெடுங்காலம் கடனைத் திருப்பாதவரைக் குறிக்கும் சொல்லால் அழைத்தது. நோய் இருக்கலாம் என்று கருதப்பட்டவரைக் காவல் நிலையத்துச் சொல்லால் சந்தேகத்துக்குரியவர் என்றது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டு சொற்களையும் மாற்றியது. முன்னவர் தொடர்பு விட்டுப்போனவர் ஆனார். பின்னவர் நோய் இருக்கக்கூடும் என்று கருதப்படுபவர் ஆனார். தமிழில் பழைய சொற்கள் இன்னும் பேச்சிலும் படிவங்களிலும் எஞ்சியிருக்கின்றன. அவற்றுக்கு ஈடாக, குற்றம் சாட்டாத, திருவள்ளூர்க் கிராமத்து மூதாட்டிக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிலாளிக்கும் எளிதில் விளங்கக்கூடிய சொற்களை ஆக்கித் தருவது வேதியியலாரால் ஆகும் காரியமன்று. அது கவிஞர்களின் வேலை. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இந்த வட்டம் அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுமாயின், வள்ளுவர் எண்ணிய நான்காம் கூற்றில் இலக்கியத்துக்கும் ஓர் இடம் உண்டாகும்.